வேகத்தில் முறியும் ஷாஃப்ட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் டிஃபரென்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, ‘புரொப்பல்லர் ஷாஃப்ட் முறிவதற்குச் சுமை மட்டுமே காரணம் அல்ல’ என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் நீளமான குழாய்த் தண்டுதான் அது. அந்த வரியைப் பற்றி வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கத்தை நிரப்பப் போதுமானவையாக இருந்தன. ஒரே பொருளைப் பற்றியவை என்பதால் அவற்றைச் சேர்த்தே தருகிறேன்.

கேள்வி: என் லாரியின் சேசிஸை இரண்டரை அடி நீட்டி, பின்பக்க ஷாஃப்டையும் அதே அளவுக்குக் கூடுதல் பைப் வைத்து வெல்டிங் செய்து ஓட்டினேன். பழைய பைப்பைவிடக் கனமான பைப்பையே போடச் சொன்னேன். முழுச் சுமையோடு மலை ஏறியபோதெல்லாம் தாங்கிய ஷாஃப்ட், காலி வண்டியாகச் சமதளச் சாலையில் 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் வந்தபோது முறிந்துவிட்டது. வெல்டிங் போட்ட இடத்தில் முறியவில்லை. பைப்பின் நடுவே மடங்கியிருந்தது. இது எப்படி நடக்கும்? — லாரி உரிமையாளர், சங்ககிரி

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு முந்தைய வரியிலேயே விடையின் பாதி இருக்கிறது. நடுவே மடங்கிய ஷாஃப்ட் முறுக்கால் முறிந்தது அல்ல.

முதலில் முறுக்கைப் பார்ப்போம். எஞ்சின் தரும் திருப்பு விசை 600 நியூட்டன் மீட்டர் என்றும், முதல் கியரின் விகிதம் 8 என்றும் வைத்துக்கொண்டால், மலை ஏறும்போது ஷாஃப்டின் மேல் விழும் திருப்பு விசை 4,800 நியூட்டன் மீட்டர். டாப் கியரில் விகிதம் ஒன்றுக்கு ஒன்று என்பதால் அது வெறும் 600. ஆகவே வேகமாகப் போகும்போது ஷாஃப்டின் மேலுள்ள முறுக்கு, மலை ஏறியபோது இருந்ததில் எட்டில் ஒரு பங்குதான். முறுக்குத் தாளாமல் முறிந்திருந்தால் அது மலையிலேயே முறிந்திருக்கும். ஷாஃப்டின் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று நழுவிப் பொருந்தும் ஸ்ப்லைன் பற்கள் திருகியிருக்கும், அல்லது பைப் துணி பிழிந்ததைப் போலச் சாய்வாக நசுங்கியிருக்கும். உங்கள் ஷாஃப்டில் அந்த அடையாளம் எதுவும் இல்லை.

வேகத்தில் வேலை செய்தது வேறொரு விசை. எவ்வளவு கவனமாகச் செய்த ஷாஃப்டாக இருந்தாலும், அதன் எடையின் மையம் சுழலும் அச்சிலிருந்து மயிரிழை அளவாவது விலகியே இருக்கும். சுழலும்போது அந்த விலகல் மையவிலக்கு விசையாக மாறி, பைப்பை வெளிப்பக்கம் வளைக்கப் பார்க்கிறது. பைப்பின் விறைப்பு அதைத் திரும்ப நேராக்கப் பார்க்கிறது. விறைப்பு எப்போதும் ஒரே அளவில்தான் இருக்கிறது. மையவிலக்கு விசையோ சுழற்சி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு. இந்த இரண்டும் சமமாகும் ஒரு வேகம் ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் உண்டு. அதை மாறுநிலை வேகம் என்பார்கள். அந்த வேகத்தில் ஷாஃப்ட், இரண்டு சிறுமிகள் பிடித்துச் சுற்றும் ஸ்கிப்பிங் கயிற்றைப் போல, நடுவே வில்லாக வளைந்தபடியே சுழலத் தொடங்குகிறது. வளைய வளைய விலகல் கூடுகிறது, விலகல் கூடக் கூட விசை கூடுகிறது, விசை கூடினால் மேலும் வளைகிறது. அந்த வேகத்திலேயே வண்டி நீடித்தால் பைப் நிரந்தரமாக மடங்கிவிடும். மடங்கிய பைப்புக்கு அதன்பின் முனையிலுள்ள ஜாயின்ட்டைப் பிய்த்துக்கொண்டு வெளியேறுவதைத் தவிர வேறு வழியில்லை.

தோளில் காவடித் தண்டு போட்டு இரு பக்கமும் குடம் சுமப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். தண்டு தானாக ஆடும் தாளம் ஒன்று உண்டு. நடை அந்தத் தாளத்தோடு ஒன்றிவிட்டால், சுமை கூடாமலேயே ஆட்டம் கூடித் தண்ணீர் தளும்பிக் கொட்டும். ஷாஃப்டின் மாறுநிலை வேகமும், அந்தப் பைப்பைத் தட்டினால் அது தானாக அதிரும் தாளமும் ஏறக்குறைய ஒன்றே.

இந்தத் தாளத்தைத் தீர்மானிப்பதில் எல்லாவற்றையும்விடப் பெரியது நீளம். நீளம் இரு மடங்கானால் மாறுநிலை வேகம் பாதியாவதில்லை, கால் பங்காகிவிடுகிறது. உங்கள் வண்டிக்கு நெருக்கமான அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டேன். 90 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 3 மில்லிமீட்டர் கனமும் கொண்ட எஃகுப் பைப், 1.5 மீட்டர் நீளத்தில் இருந்தால் மாறுநிலை வேகம் நிமிடத்துக்குச் சுமார் 6,600 சுற்று. அதே பைப்பை 2.25 மீட்டராக நீட்டினால் அது சுமார் 2,900 சுற்றுக்கு இறங்கிவிடும். இதுவும் இரு முனைகளும் அசையாமல் பிடிக்கப்பட்டிருப்பதாகக் கொண்ட ஏட்டுக் கணக்கு. துண்டுகளாக உள்ள ஷாஃப்டை நடுவே பிடிக்கும் சென்டர் பேரிங்கைத் தாங்கும் ரப்பரின் நெகிழ்வையும் ஜாயின்ட்டுகளின் எடையையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் குறையும்.

இப்போது சாலையில் தேவைப்படும் வேகத்தைப் பாருங்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது நிமிடத்துக்கு 1,333 மீட்டர். லாரி டயரின் சுற்றளவு ஏறக்குறைய 3.2 மீட்டர் என்றால், சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 417 சுற்றுச் சுற்றும். பின் ஆக்சிலில் வேகத்தைக் குறைக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனின் விகிதம் 6 என்று கொண்டால் ஷாஃப்ட் 2,500 சுற்றுச் சுற்றுகிறது. 90 கிலோமீட்டரில் 2,800-ஐத் தாண்டுகிறது. பழைய நீளத்தில் உங்கள் ஷாஃப்டுக்கு இரு மடங்குக்கும் மேல் இடைவெளி இருந்தது. நீட்டிய பிறகு இடைவெளியே இல்லை. வடிவமைப்பாளர்கள் பொதுவாக, வண்டி எட்டக்கூடிய உச்ச வேகத்திலும் ஷாஃப்டின் சுழற்சி அதன் மாறுநிலை வேகத்தில் முக்கால் பங்கைத் தாண்டாதபடி பார்த்துக்கொள்வார்கள். மலையில் சுமையோடு ஊர்ந்தபோது நீங்கள் அந்த எல்லைக்கு அருகிலேயே போகவில்லை. காலி வண்டி என்பதால் ஓட்டுநர் கால் வைத்தார், எல்லை வந்துவிட்டது.

கனமான பைப் போட்டதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டறைகளில் நான் அடிக்கடி கேட்கும் தவறான ஆறுதல் இது. கனம் கூடும்போது விறைப்பு கூடுகிறது என்பது உண்மை. ஆனால் எடையும் கூடவே கூடுகிறது. அதே 90 மில்லிமீட்டர் பைப்பில் கனத்தை 3-லிருந்து 6 மில்லிமீட்டராக்கினால் முறுக்கைத் தாங்கும் வலு ஏறும். மாறுநிலை வேகமோ சுமார் 3 சதவீதம் குறையும். வேகத்துக்கு உதவுவது விட்டம். அதே 3 மில்லிமீட்டர் கனத்தில் 114 மில்லிமீட்டர் விட்டமுள்ள பைப்பைப் போட்டிருந்தால் கால் பங்குக்கு மேல் கூடியிருக்கும், ஆனால் குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே அதற்கு இடம் வேண்டும். நீளமான சேசிஸ்களைத் தயாரிப்பாளர்களே விற்கும்போது செய்வதைத்தான் நீங்களும் செய்ய வேண்டும்: ஷாஃப்டை நீட்டாமல், இன்னொரு துண்டும் இன்னொரு சென்டர் பேரிங்கும் அதைத் தாங்க ஒரு குறுக்குச் சட்டமும் சேர்ப்பது. செலவு கூடுதல்தான்.

கேள்வி: பைப்புக்குப் பதிலாக முழு இரும்புத் தண்டாகவே கடைந்து போட்டால் என்ன? மடங்குவதற்கு உள்ளே வெற்றிடமே இருக்காதே? — லேத் பட்டறை உரிமையாளர், ஈரோடு

பதில்: அது முதலில் மடங்கும். ஒரே வெளிவிட்டமும் ஒரே நீளமும் கொண்ட மெல்லிய பைப்பையும் முழுத் தண்டையும் ஒப்பிட்டால், முழுத் தண்டின் மாறுநிலை வேகம் சுமார் 30 சதவீதம் குறைவு. வளைவை எதிர்ப்பதில் பெரும்பங்கு ஆற்றுவது வெளி ஓரத்தில் இருக்கும் உலோகம். நடுவில் இருப்பது எடையாகச் சேர்ந்து மையவிலக்கு விசைக்குத்தான் உதவுகிறது. மூங்கிலைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

கேள்வி: என் வேனில் 55, 60 கிலோமீட்டர் வேகத்தில் தரை முழுவதும் ஒரு உறுமல் அதிர்ச்சி வருகிறது. 70-ஐத் தாண்டினால் நின்றுவிடுகிறது. நூறை நெருங்கினால் மறுபடியும் தொடங்குகிறது. வீல் பேலன்சிங் இரண்டு முறை செய்தாகிவிட்டது. நிற்கிற அதிர்ச்சிதானே என்று ஓட்டலாமா? — பள்ளி வாகன ஓட்டுநர், கும்பகோணம்

பதில்: குழந்தைகளை ஏற்றும் வண்டி என்பதால் முதலில் சொல்லிவிடுகிறேன்: ஓட்ட வேண்டாம். இடையில் நின்றுவிடுவது நல்ல அறிகுறி அல்ல. என் கணிப்பில் அது ஷாஃப்டைத்தான் காட்டுகிறது.

சிலுவை வடிவ ஜாயின்ட் ஒன்றுக்குப் பிறவிக் குறை ஒன்று உண்டு. பதினாறாம் நூற்றாண்டின் இத்தாலியக் கணித அறிஞர் கார்டானோவின் பெயராலும், அடுத்த நூற்றாண்டின் ஆங்கில அறிஞர் ராபர்ட் ஹூக்கின் பெயராலும் அழைக்கப்படும் இந்த ஜாயின்ட், கோணத்தில் சுழலும்போது சுழற்சியைச் சீராகக் கடத்துவதில்லை. ஒரு பக்கம் சீராக 2,500 சுற்றில் சுழன்றாலும், 10 டிகிரி கோணத்தில் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை 2,462-க்குக் குறைந்து 2,538-க்கு ஏறுகிறது. இதை அடக்கத்தான் ஷாஃப்டின் இரு முனைகளிலும் ஜாயின்ட் வைத்து, இரு கோணங்களையும் சமமாக்கி, ஜாயின்ட்டுகளைப் பிடிக்க ஷாஃப்டிலுள்ள இரு கவட்டைகளையும் ஒரே தளத்தில் பொருத்துகிறார்கள்; முன் ஜாயின்ட் செய்த குளறுபடியைப் பின் ஜாயின்ட் திருத்திவிடும். ஆனால் நடுவே இருக்கும் பைப்புக்கு அந்த ஏற்ற இறக்கம் போய்விடுவதில்லை. ஒரு சுற்றுக்கு இருமுறை உதைபடுவதால், மாறுநிலை வேகத்தின் பாதியிலேயே ஷாஃப்டின் தாளம் ஒருமுறை தட்டி எழுப்பப்படுகிறது. அதைக் கடந்ததும் அடங்குகிறது. உங்கள் 55-இல் கேட்பது அந்தப் பாதித் தாளமாக இருந்தால், முழுத் தாளம் 110-க்கு அருகில் காத்திருக்கிறது. நூறில் மீண்டும் தொடங்குவது அதோடு பொருந்துகிறது.

நல்ல நிலையில் உள்ள வண்டியில் அந்த முழுத் தாளம் இவ்வளவு கீழே இருக்கக் கூடாது. எதுவோ தளர்ந்திருக்கிறது. சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்து தொங்கினால், இரண்டு துண்டாக இருக்க வேண்டிய ஷாஃப்ட் நடைமுறையில் நீளமான ஒற்றைத் துண்டைப் போல நடந்துகொள்ளும். நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன். அடுத்து கவட்டைகள் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்பது. ஸ்ப்லைனைப் பிரித்து மாட்டும்போது ஒரே ஒரு பல் தள்ளி மாட்டினாலும் திருத்தம் குலைந்துவிடும். அதற்காகவே பல வண்டிகளில் இரு பக்கமும் அம்புக்குறி பொறித்திருப்பார்கள், ஆனால் கிரீசும் சேறும் மூடிய குறியைத் துடைத்துப் பார்க்கும் பொறுமை எல்லோருக்கும் இருப்பதில்லை. என் பழைய ஜீப்பில் ஒரு பட்டறையில் ஜாயின்ட்டின் நடுவிலுள்ள சிலுவையான கிராஸை மாற்றிய பிறகு மூன்று மாதம் உறுமலோடு ஓட்டி, கிராஸையே மறுபடி மாற்றி, கடைசியில் ஸ்ப்லைனைக் கழற்றி இரண்டு பல் திருப்பி மாட்டியதும் அடங்கியது. அந்த மூன்று மாதத்துக்கு என்னையும்தான் குறை சொல்ல வேண்டும்.

அதன்பின் கிராஸில் ஆட்டம், பைப்பில் பள்ளம், ஒட்டிய தார் அல்லது சேறு, பேலன்சிங்குக்காக வைத்த சிறு தகடு விழுந்துவிட்டதா என்பவை. தகடு சிறியதுதானே என்று நினைக்க வேண்டாம். 45 மில்லிமீட்டர் ஆரத்தில் 10 கிராம் குறைந்தால், 2,500 சுற்றில் அது சுமார் 3 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு. 4,000 சுற்றில் 8 கிலோ. நிமிடத்துக்கு அத்தனை முறை திசை மாறும் 8 கிலோ.

சக்கரமா ஷாஃப்டா என்று பிரித்தறிய எளிய வழி உண்டு. ஷாஃப்ட் சக்கரத்தைவிட நான்கு முதல் ஆறு மடங்கு வேகமாகச் சுழல்வதால் அதன் அதிர்ச்சி ரீங்காரமாக இருக்கையிலும் தரையிலும் தெரியும். சக்கரத்தின் ஆட்டம் மெதுவாக, பெரும்பாலும் ஸ்டியரிங்கில் தெரியும். அதே சாலை வேகத்தில் ஒரு கியர் குறைத்துப் பாருங்கள். அதிர்ச்சி அதே சாலை வேகத்திலேயே தொடர்ந்தால் எஞ்சினையும் கிளச்சையும் விட்டுவிடலாம்.

கேள்வி: தொப்பூர் போன்ற நீண்ட இறக்கங்களில் நியூட்ரலில் விட்டால் எஞ்சின் ஐடிலில் இருக்கிறது, அதனால் ஷாஃப்டுக்கும் ஓய்வுதானே? — ஓட்டுநர், தருமபுரி

பதில்: இல்லை. ஷாஃப்ட் சக்கரத்தோடு பிணைக்கப்பட்டது. எஞ்சினை அணைத்தாலும், வண்டி 100-இல் உருண்டால் ஷாஃப்ட் 100-க்குரிய சுற்றுகளைச் சுற்றியே தீரும். கியரில் இருந்தால் எஞ்சினின் எதிர்ப்பும், அதன் சுழற்சியைக் கட்டுப்படுத்தும் கவர்னரும் அந்த வேகத்துக்குப் போகாமல் ஓரளவு தடுக்கும். நியூட்ரலில் அந்தக் கடிவாளமும் போய்விடுகிறது. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும் பெரிய ஆபத்தைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், நானும் எழுதியிருக்கிறேன். ஷாஃப்ட் தன் வடிவமைப்பு வேகத்தைத் தாண்டுவது அதோடு சேர்ந்து வரும் இன்னொன்று. முறிந்த ஷாஃப்ட் சுழற்றி அடிக்கும்போது பக்கத்தில் போகும் பிரேக்கின் காற்றுக் குழாய்களை அறுத்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

கிரவுன் பினியனை அதிக விகிதத்துக்கு மாற்றியவர்களும், சிறிய டயருக்கு மாறியவர்களும் இதையே கவனத்தில் கொள்ள வேண்டும். ஸ்பீடோமீட்டர் பழைய எண்ணைக் காட்டினாலும் வண்டி அந்த அளவுக்குப் போயிருக்காது. உண்மையிலேயே பழைய வேகத்தில் போனால் ஷாஃப்ட் முன்பைவிட வேகமாகச் சுழன்றாக வேண்டும்.

கேள்வி: என்னுடையது முன்சக்கர இயக்கக் கார். இந்த அபாயம் எனக்கும் உண்டா? — வாசகி, திருநெல்வேலி

பதில்: அநேகமாக இல்லை, அம்மா. உங்கள் காரில் டிஃபரென்ஷியல் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருப்பதால், அதிலிருந்து வெளிவரும் இரு குட்டை ஷாஃப்டுகளும் சக்கரத்தின் வேகத்திலேயே சுழல்கின்றன. 100 கிலோமீட்டரில் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்குள்தான். நீளமும் குறைவு. அங்கே கவனிக்க வேண்டியது ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை. அது கிழிந்தால் கிரீஸ் வெளியேறி மண் புகுந்து, முழுதாக ஒடித்துத் திரும்பும்போது ‘கடக் கடக்’ என்ற சத்தம் கேட்கும். உறை கிழிந்த அன்றே மாற்றினால் செலவு சிறிது. சத்தம் வந்த பிறகு ஜாயின்ட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: மாறுநிலை வேகத்தைத் தாண்டிவிட்டால் தண்டு மீண்டும் அமைதியாகிவிடும் என்று பாடத்தில் படித்தேன். அப்படியானால் வாகன ஷாஃப்டையும் விரைவாகத் தாண்டவைத்து அதற்கு மேலேயே ஓட்டலாமே? கார்பன் ஃபைபர் ஷாஃப்ட் என்பதும் அதற்காகத்தானா? — பாலிடெக்னிக் மாணவர், கோயம்புத்தூர்

பதில்: நல்ல கேள்வி, உங்களுக்கு முன்னால் பெரியவர்களே தடுமாறிய இடம் இது. 1869-இல் இதைப் பற்றி எழுதிய ஸ்காட்லாந்துப் பொறியாளர் ரான்கின், மாறுநிலை வேகத்துக்கு மேல் எந்தத் தண்டும் நிலையாகச் சுழல முடியாது என்ற முடிவுக்கு வந்தார். சுவீடன் பொறியாளர் டி லாவால் 1880-களின் இறுதியில் தம் நீராவி டர்பைனுக்கு வேண்டுமென்றே மெலிந்த, வளையக்கூடிய தண்டைப் போட்டு, அந்த வேகத்தைக் கடந்து நிமிடத்துக்கு 30,000 சுற்றுவரை ஓட்டிக் காட்டினார். அது ஏன் அமைதியாக ஓடுகிறது என்பதை 1919-இல் பொறியாளர் ஜெஃப்காட் கணிதமாக எழுதினார்: எல்லையைக் கடந்ததும் வளைவின் திசை புரண்டு, தண்டு தன் எடை மையத்தைச் சுற்றியே சுழலத் தொடங்குகிறது.

ஆனால் டர்பைன் ஒரு நாளில் ஓரிரு முறை அந்த வேகத்தைக் கடக்கும். கடந்த பின் ஒரே வேகத்தில் ஓடும். சாலையில் ஓடும் வண்டி எந்த வேகத்திலும் நிற்கலாம். முன்னால் போகும் பேருந்து, தண்டின் மாறுநிலை வேகத்துக்குரிய வேகத்திலேயே பத்து நிமிடம் போகலாம். நீங்கள் பின்னால் போக வேண்டியிருக்கும். அது மட்டுமல்ல. எல்லைக்கு மேலே போனதும் ஸ்ப்லைனிலும் ஜாயின்ட்டிலும் உள்ள உராய்வு, அதிர்வைத் தணிப்பதற்குப் பதிலாக ஊட்டி வளர்க்கத் தொடங்கும். டர்பைன் தண்டில் இல்லாத அந்த இரண்டும் வாகன ஷாஃப்டில் இருந்தே தீரும். ஆகவே வாகனத்தில் எல்லைக்குக் கீழேயே இருந்துவிடுவதுதான் முறை.

பொருளை மாற்றுவது எல்லையை மேலே தள்ளும் வழி. இங்கே கணக்கில் வருவது விறைப்பை அடர்த்தியால் வகுத்த விகிதம். அலுமினியத்தின் விறைப்பு எஃகில் மூன்றில் ஒரு பங்கு, அடர்த்தியும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆகவே ஒரே அளவுள்ள பைப்பில் இரண்டின் மாறுநிலை வேகமும் கிட்டத்தட்ட ஒன்றே. அலுமினிய ஷாஃப்ட் வேகத்தைத் தாங்குவது அதன் அகன்ற விட்டத்தால்தான். கார்பன் ஃபைபரில் இழைகளைப் பெரும்பாலும் நீளவாக்கில் அடுக்கினால் அந்த விகிதம் எஃகைவிடப் பல மடங்காகும். அதனால் இரண்டு துண்டாக இருக்க வேண்டிய ஷாஃப்டை ஒரே துண்டாகவே வைக்கலாம். 2014-இல் வந்த பி.எம்.டபிள்யூ. எம்3, எம்4 கார்களில் சென்டர் பேரிங் இல்லாத ஒற்றைக் கார்பன் ஷாஃப்ட் இருந்தது. விலையைப் பார்க்கும்போது நம் லாரிகளுக்கு இன்னொரு பேரிங்கே மலிவு.

கேள்வி: ஷாஃப்ட் முன்பக்கம் அறுந்தால் வண்டியே தூக்கி எறியப்படும் என்கிறார்களே, மிகைதானா? — வேன் உரிமையாளர், நாமக்கல்

பதில்: மிகை இல்லை. பின்முனை அறுந்தால் ஷாஃப்ட் தரையில் இழுபட்டுக்கொண்டு வரும். முன்முனை அறுந்து சாலையில் குத்தினால், ஓடும் வண்டியின் கீழே ஊன்றிய கழியாகிவிடும். வண்டியின் வேகமே பின்பகுதியை மேலே தூக்கும். ஆகவே ஷாஃப்டைச் சுற்றிப் போடும் பாதுகாப்பு வளையத்தை முன் ஜாயின்ட்டுக்குச் சற்றுப் பின்னால், ஜாயின்ட் கழன்றாலும் பைப்பின் முனை அதைவிட்டு நழுவாத தூரத்தில் பொருத்த வேண்டும். பலர் அதை ஷாஃப்டின் நடுவே பொருத்திவிட்டுப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். நடுவே தாங்கிய ஷாஃப்டின் முன்முனை அப்போதும் கீழே சாயும். வளையத்தின் மேல் ஷாஃப்ட் உரசாதபடி, பின் ஆக்சில் மேலும் கீழும் ஆடுவதற்கான இடம் விட்டு, போல்ட்டைச் சேசிஸின் குறுக்குச் சட்டத்தில் போடுங்கள். உடலின் தகட்டில் போட்டால் முதல் அடியிலேயே பிய்ந்துவிடும்.